புஷ்பவள்ளி பழக்கிய இயந்திரம்

காரைக்குடி நிலத்தடி நீர் ஆய்வு நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஏமாந்துபோய்த் திரும்பினார்கள். பீரோவைப் போல இரண்டு பெட்டிகள், பக்கத்தில் தந்தி ஆபீசில் இருப்பது மாதிரி ஒரு டெலிடைப், அதில் தடதடவென்று நகரும் காகிதச் சுருள். அவ்வளவுதான். புஷ்பவள்ளிக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை. அந்த டெலிடைப்பின் முன்னால் தினமும் உட்காரப் போகிறவள் அவள்தான் என்பதால் பயம் மட்டும் இருந்தது.

பயம் அவள் கூடப் பிறந்தது. அரியக்குடியில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை வந்தவள், பூட்டினோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி ஓடுவாள். அவள் கணவன் மருது வயலுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துச் சிரிப்பான். "பூட்டு அங்குட்டேதான் தொங்குது, நீ போ" என்பான். கணிதத்தில் பட்டம் வாங்கியவள், மூன்று வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். ஆனாலும் ஒரு காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவள் மனசு லேசில் ஒப்புக்கொள்ளாது.

அந்தக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஒரே வழி டெலிடைப்தான். காலையில் சுவிட்சைப் போட்டால் அது ஒரு புள்ளியை அச்சடித்துவிட்டுக் காத்திருக்கும். நாம் ஒரு கட்டளையை இங்கிலீஷில் முழுசாக அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மறுபடியும் புள்ளி. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால், "நிச்சயமாகவா?" என்று இங்கிலீஷில் திருப்பிக் கேட்கும். மற்றவர்களுக்கு அது ஒரு வரிதான். புஷ்பவள்ளிக்கோ அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை. நிச்சயமா? நிச்சயம்தானா? எழுந்துபோய் அலமாரியில் இருந்த தாள்களைச் சரிபார்த்துவிட்டு வந்து, மறுபடியும் சந்தேகம் வந்து மறுபடியும் எழுந்துபோவாள்.

பிறகு ஒரு நாள், இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு பக்கம் அவள் கண்ணில் பட்டது. தொடக்கக் கோப்பு என்று ஒன்றை எழுதி வைத்துவிட்டால், இயந்திரம் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் படிக்கும். நீளமான கட்டளைக்குப் பதில் நமக்குப் பிடித்த குட்டிச் சொல்லை அதில் வைத்துக்கொள்ளலாம். பல கட்டளைகளைச் சேர்த்து ஒரே சொல்லில் கட்டலாம். கேட்கிற கேள்வியைக்கூட நிறுத்திவிடலாம்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு உலகம் திறந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். எழுத்து இங்கிலீஷ்தான், சொல் தமிழ். 'பார்' என்று அடித்தால் கோப்புகளின் பட்டியல் வரும். 'எடு' என்றால் எடுக்கும். 'வை' என்றால் வைக்கும். புள்ளிக்குப் பதிலாக இயந்திரம் 'சொல்லுங்க' என்று அச்சடித்துவிட்டுக் காத்திருந்தது. முதல் முறை அது அப்படிக் கேட்டபோது, அறையில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு அவள் வாய்விட்டே சிரித்தாள். கணக்குப் போடும்போது சேருகிற குப்பைக் கோப்புகளுக்கென்று டிஸ்க்கில் ஓர் ஓரத்தை ஒதுக்கினாள். சாயங்காலம் 'போறேன்' என்று அடித்தால் போதும். அந்த ஓரத்தில் இருக்கிற எல்லாவற்றையும் இயந்திரம் ஒரு கேள்வியும் கேட்காமல் துடைத்துவிட்டுத் தானே மூடிக்கொள்ளும்.

கேள்வி இல்லாததால் அவளுக்குச் சந்தேகமும் இல்லை. கொஞ்ச காலமாக அவள் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில், மகள் விசாலத்துக்குக் காதுகுத்து வைத்தார்கள். புஷ்பவள்ளியின் பிறந்த ஊரான கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் கருப்பர் கோயில். தாய்மாமன் சேவுகன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அவள் சில நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். அவளுக்குப் பதிலாக உட்கார, அதே நிலையத்தில் வரைபடம் வரைகிற முத்தையாவை அதிகாரி நாகநாதன் போட்டார். முத்தையா காரைக்குடி ஆசாரி வீட்டுப் பையன், கொஞ்ச நாள் மெஷினைப் பழகியிருந்தான்.

லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் நாகநாதன் அவசரமாக வந்தார். "அம்மா, டிஸ்க்குல கிணத்து அளவெல்லாம் வச்சிருக்கிற பக்கம் நிறைஞ்சு போச்சு. புதுக் கணக்குக்கு எடம் வேணும். அதையெல்லாம் வேற எங்கயாச்சும் நகத்தி வைங்க" என்றார்.

மாவட்டத்தின் வறண்ட கிராமங்களில் எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று அளந்த விவரங்கள் அவை. ஆழ்குழாய் போடும் வண்டி எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்பதை அவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கப் போகிறார்கள். அளந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. புஷ்பவள்ளி அவற்றைப் பிரித்து, மங்கிய மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடித்தவள். பிரிக்கும்போதே பாதித் தாள் கையோடு வந்துவிட்டது. அப்படி அடித்ததற்குப் பிரதி வேறு எங்கும் இல்லை. ஓட்டை போட்டுச் சேமிக்கிற காகித நாடா மெட்ராசிலிருந்து இன்னும் வந்தபாடில்லை.

இடம் காலியாக இருந்தது அவள் ஒதுக்கி வைத்திருந்த அந்த ஓரத்தில்தான். அங்கே நகர்த்தி வைத்தாள். வைத்துக்கொண்டிருக்கும்போதே முத்தையா வந்து நின்றான். அவனுக்குச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். "சாயங்காலம் போறேன்னு அடிச்சாப் போதும், மத்ததை அதுவே பாத்துக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்ப வரவில்லை. வீட்டில் பலகாரம் சுடுகிற வேலை காத்திருந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் கருப்பர் கோயில் வாசலில் விசாலத்துக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. சேவுகன் புது வேட்டியோடு உட்கார்ந்து மருமகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். காதில் கம்பி இறங்கியதும் குழந்தை போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. புஷ்பவள்ளியும் கூடவே அழுதாள். பிறகு கிடாக்கறி வாசனை எழுந்தது, பந்தி போட ஆரம்பித்தார்கள். அழுது களைத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மரத்தடியில் நின்றாள். சேவுகன் வெற்றிலையை மென்றபடி பக்கத்தில் வந்தான்.

"ஏக்கா, நீ இங்குட்டு வந்துட்டியே, அந்த மெஷினை யாரு பாக்குறா?"

"முத்தையான்னு ஒரு தம்பி இருக்கான். அவனுக்கு ஒண்ணும் சிரமம் இல்லடா, எல்லாத்தையும் நான் பழக்கி வச்சிருக்கேன்." அவளுக்குப் பெருமையாக இருந்தது. "சாயங்காலம் ஒரு சொல்லு அடிச்சாப் போதும். அன்னைக்குச் சேந்த குப்பையெல்லாம் ஓரமாக் கெடக்கும் பாரு, அதை அதுவே தொடச்சுட்டு..."

அவள் நிறுத்தினாள்.

"தொடச்சுட்டு?" என்றான் சேவுகன்.

அந்த ஓரத்தில் இப்போது குப்பை இல்லை. கிணறுகள் இருந்தன. நேற்றுக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால், அவளே தன் கையால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வந்திருப்பாள். இன்று சாயங்காலம் முத்தையா அதை அடிப்பான். குழந்தையைச் சேவுகனிடம் நீட்டினாள்.

"அக்கா, என்ன ஆச்சு? மொகம் ஏன் இப்படிப் போச்சு?"

"நான் காரைக்குடி போகணும். இப்பவே."

அவள் அம்மா பொன்னுத்தாயி பந்தியிலிருந்து ஓடி வந்தாள். "ஏத்தா, புத்தி பெசகிப் போச்சா ஒனக்கு? சொந்தபந்தம் எல்லாம் எலையில உக்காந்துருக்கு. தாய்மாமனுக்கு மரியாதை செய்யுமுன்ன பெத்தவ எந்திரிச்சுப் போனா ஊரு என்ன பேசும்?"

சேவுகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருதுதான் கேட்டான். "போகாட்டி என்ன ஆகும்?"

"அழிஞ்சு போகும். எல்லா ஊரும்." அதற்கு மேல் அவளுக்கு விளக்க வரவில்லை.

மருது அவள் முகத்தைப் பார்த்தான். பூட்டைப் பார்க்க ஓடுகிற முகம் இல்லை அது. "போ. புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றான்.

முதலில் தபாலாபீசுக்கு ஓடினாள். போஸ்ட்மாஸ்டர் டிரங்க் கால் பதிந்துகொண்டு அவளை உட்காரச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, "லைன் கிடைக்கலைங்கிறாகம்மா. இன்னும் செத்த நேரம் இருக்கீகளா?" என்றார். இருந்தாள். மறுபடியும் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது. போயிருக்கலாமோ என்ற எண்ணம் அவளை அரித்தது. அடுத்த பஸ்ஸில் ஏறித் திருப்பத்தூர் போய், அங்கே காரைக்குடி பஸ்ஸுக்காக நின்றாள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகத் தனியாக நிற்கிறவளை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கிழவர், "கல்யாணத்துக்காம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டி வைத்தாள்.

வழியெல்லாம் அவள் மனசு முத்தையாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது டீ குடிக்கப் போயிருப்பான். இப்போது திரும்பி வந்திருப்பான். வேலை சீக்கிரம் முடிந்தால் சீக்கிரமே மூடிவிட்டுப் போவானோ? கரண்ட் மறுபடி போனால் நல்லது. கருப்பா, கரண்டை நிறுத்து என்று வேண்டினாள். உடனே, அப்படி நின்றால் டிஸ்க்கு கெட்டுப்போகுமே என்று பயந்து அந்த வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

குன்றக்குடி தாண்டியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பஞ்சர். கண்டக்டர் சாவகாசமாக இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். புஷ்பவள்ளி இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நடந்து போய்ச் சேர முடியாத தூரம் என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்த வேறொரு பஸ் அவள் கை நீட்டியதும் நின்றதே பெரிய காரியம்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி பிடித்து, செக்காலை ரோடு வழியாக நிலையத்தின் வாசலில் இறங்கியபோது, ஆபீஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். முத்தையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான்.

"என்னக்கா இங்குட்டு? பாப்பாவுக்குக் காதுகுத்துன்னீக?"

"மெஷினை மூடிட்டியா?"

"மூடிட்டேனே."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நனைந்த தாள்களைப் பிரிக்கும்போது வந்த அந்த ஈர வாடை, எங்கிருந்தென்று தெரியாமல் மூக்கில் ஏறியது. தாள்களும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. நாகநாதன் சார் முன்னால் எப்படி நிற்பது? அந்த ஊர்க்காரர்களிடம் யார் போய்ச் சொல்வது?

"அக்கா, தண்ணி கொண்டாரவா?"

"நீ... என்னன்னு அடிச்ச?"

முத்தையாவின் முகம் இறுகியது. "அதை ஏன் கேக்குறீக? நீங்க சொன்ன சொல்லை நான் அடிக்கலை."

அவள் நிமிர்ந்தாள்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடக்காரு. காலையில அவரைப் பாத்துட்டுத்தான் வந்தேன். இந்த நேரத்துல போய் 'போறேன்'னு என் கையால அடிக்க மனசு வரலை. 'போயிட்டு வாரேன்'னு அடிச்சேன். கேள்விக்குறி போட்டுச்சு. 'வாரேன்'னு அடிச்சேன். அதுக்கும் கேள்விக்குறி. 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு அதுபாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. நான் என்னத்தச் சொல்ல? கடைசியில எரிச்சல்ல சுவிட்சையே அமத்திட்டேன்."

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமும் இல்லை. முறையாக மூடாமல் சுவிட்சை அணைத்தால் டிஸ்க்கில் இருப்பது சிதைந்துபோகலாம் என்று அந்தப் புத்தகத்தில் படித்திருந்தாள். "சாவிய வாங்கு" என்று எழுந்தாள்.

வாட்ச்மேன் தங்கச்சாமி முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். சுவிட்சைப் போட்டார்கள். பெட்டிக்குள் டிஸ்க் சுழல ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஒரே சுருதிக்கு வந்தது. டெலிடைப் அதிர்ந்தது. 'சொல்லுங்க' என்று அச்சடித்தது. அவசரத்தில் முதல் தடவை எழுத்துப் பிசகியது. மறுபடி அடித்தாள், 'பார்'.

அந்த இயந்திரம் எழுத்தெழுத்தாகத்தான் அச்சடிக்கும். அது எவ்வளவு மெதுவாக அச்சடிக்கிறது என்பதை அவள் அன்றுதான் உணர்ந்தாள். கல்லல் ஊர்க் கோப்பு வந்தது. சிங்கம்புணரி வந்தது. நெற்குப்பை. பிறகு காகிதம் நகராமல் கொஞ்சம் நின்றது. மகிபாலன்பட்டி. ஒவ்வொரு பேராகக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசிப் பேர் வந்து 'சொல்லுங்க' என்று கேட்டபிறகும் அவள் நம்பவில்லை. சிலவற்றைத் திறந்து உள்ளே இருந்த அளவுகளைப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவற்றை உடனே பழைய பக்கத்துக்கே நகர்த்தினாள். அதற்காக நாகநாதன் கேட்ட புதுக் கணக்கின் இடம் போனால் போகட்டும்.

அதற்குப் பிறகுதான் முத்தையா பின்னால் நிற்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நான் காலையிலருந்து அடிச்சது எங்கக்கா?" என்றான்.

அது இல்லை. சுவிட்சை அணைத்ததில், டிஸ்க்கில் இன்னும் ஏறாதிருந்த அவனுடைய ஒரு நாள் வேலை முழுவதும் போயிருந்தது. அவள் தேடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

முத்தையா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கோபமாகச் சொல்லவில்லை, அசந்துபோய்ச் சொன்னான். "அக்கா, நீங்க ஒங்க வசதிக்கு இதைப் பழக்கிட்டீக. சரி. ஒங்களுக்கு அது வாய் தொறந்து பேசுது. நான் உக்காந்தா எனக்கு ஒண்ணும் வெளங்கலையே. எது என்ன செய்யும், எதை அழிக்கும்னு எனக்கு யாரு சொன்னா? நான் அந்தச் சொல்லை அடிச்சிருந்தா, நாளைக்குப் பழி யார் மேல வந்திருக்கும்?"

அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதைக்கூட அவள் அதுவரை கேட்டிருக்கவில்லை.

அரியக்குடிக்குத் திரும்பாமல் மறுபடியும் கீழச்சிவல்பட்டிக்கே பஸ் ஏறினாள். பந்தி எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். விசாலம் காதில் தேங்காயெண்ணெய் தடவிய பஞ்சோடு மருதுவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சேவுகன் வயல் காவலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். பொன்னுத்தாயி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

லீவு முடிந்ததும் நாகநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோப்புகளை நகர்த்தச் சொன்னது தாம்தான் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. "பொது மெஷின்ம்மா. அதுல யார் உக்காந்தாலும் அது ஒரே மாதிரி நடந்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். எல்லாச் சொற்களையும் எடுத்துவிடச் சொல்வார் என்று அவள் பயந்தாள். அவர் சொல்வதற்கு முன்னால் அவளே ஒரு வழி சொன்னாள். காலையில் இயந்திரம் பழையபடி புள்ளியோடு விழிக்கட்டும். உட்காருகிறவர் தம் பேரை அடித்தால் மட்டும் அவரவர் சொற்கள் வரட்டும். அழிக்கிற கட்டளை மட்டும் யார் அடித்தாலும் கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

அப்படியே எழுதினாள். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்பதைத் தட்டச்சு செய்து சுவரிலும் ஒட்டினாள். முத்தையாவும் தனக்கென்று ஒரு தொகுப்பு வைத்துக்கொண்டான். அவன் உட்கார்ந்தால் இயந்திரம் 'ம்' என்று மட்டும் கேட்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மருதுவும் அவனுடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார்கள். பங்குனியில் அவர் எழுந்து நடமாடி வீட்டுக்கு வந்தார்.

தீராதது சேவுகனின் வருத்தம்தான். தாய்மாமனை அத்தனை பேர் முன்னால் விட்டுவிட்டு அக்கா எழுந்து போனாள் என்று ஊரில் பேசினார்கள். அவன் காதிலும் அது விழுந்துகொண்டே இருந்தது. சித்திரைக்கு அவன் அரியக்குடிக்கு வரவில்லை. ஆடிக்கும் வரவில்லை. அவள் ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை மருதுவே நேரில் போனான். சேவுகன் மருதுவுக்குக் காப்பி கொடுத்துப் பேசினானே தவிர அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. சேவுகன் தோளில் துண்டோடு உள்ளே வந்தான். வா என்பதற்குள்ளேயே விசாலம் ஓடிப்போய் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு, புஷ்பவள்ளியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"நம்ம ஊருக்குக் கெழக்க, கம்மாக்கரைக்கு அங்குட்டுக் குழாய் போடுற வண்டி வந்து நிக்குது. ஒங்க ஆபீசுலதான் அனுப்புச்சாகன்னு சொன்னாக."

"தண்ணி வந்துச்சா?" என்றாள் அவள்.

"வந்துச்சு. கலங்கலா வருது. தெளிஞ்சுரும்னு சொல்றாக."

அவள் உள்ளே போய் இலையைப் போட்டாள். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "கொழம்பு இருக்கா, ரசம்தானா?" என்று கேட்டான்.